உளவியல் படித்தால் மனசைப் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தபோது, இரண்டாம் ஆண்டிலிருந்தே பள்ளிகளுக்குப் போய் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை அறிமுகப்படுத்தி வந்தேன். படிப்பு முடிந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. போகிற இடமெல்லாம் கேள்விகள் மட்டும் அநேகமாக மாறுவதே இல்லை. மாணவர்கள் கேட்டவை, பெற்றோர் கேட்டவை, என்னைப் போலவே வகுப்பெடுக்கக் கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டவை என்று மூன்றையும் கலந்தே இங்கே போட்டிருக்கிறேன்.

உளவியல் படித்தால் எதிரில் இருப்பவர் மனத்தில் ஓடுவது தெரிந்துவிடுமா?

தெரியாது. கடைசி பெஞ்சிலிருந்து "அக்கா, நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லுங்க பார்ப்போம்" என்று ஒரு குரல் வராத வகுப்பே கிடையாது. "நான் என்ன சொன்னாலும் இல்லைன்னு சொல்லணும்னு நினைக்கிறே" என்பேன். வகுப்பு சிரிக்கும். அது உளவியல் அல்ல, அனுபவம்.

முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். இதைப் பற்றி நடந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளை 2006இல் தொகுத்துப் பார்த்தார்கள். எது பொய், எது உண்மை என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும்!

இதையே வகுப்பில் காட்ட ஒரு வழி உண்டு. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் 'உங்கள் குணநலன்' என்று ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள்தான். அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. "வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில நேரம் தயங்குகிறீர்கள்" என்று சொன்னால் யார்தான் இல்லை என்பார்கள்? நான் செய்யும்போது, பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிப் படியுங்கள் என்று கடைசியில் சொல்வேன். வகுப்பு முதலில் அமைதியாகும், அப்புறம் ஒரே கூச்சல்.

அப்படியானால் மூன்று நான்கு வருடம் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?

நினைவு, கவனம், புலனுணர்வு, மொழி, குழந்தை வளர்ச்சி, கூட்டத்தில் மனிதன் நடந்துகொள்ளும் விதம், மூளையும் நரம்புகளும், மனநலக் கோளாறுகள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வில்ஹெல்ம் வுண்ட் ஒரு பரிசோதனைக்கூடம் தொடங்கியதைத்தான் இந்தத் துறையின் பிறந்தநாளாக வழக்கமாகச் சொல்வார்கள். பரிசோதனைக்கூடம் என்ற சொல்லைக் கவனியுங்கள். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துப் பேச்சுக்கொடுப்பதில் தொடங்கிய துறை அல்ல இது. ஓசை கேட்டதும் விரலை அழுத்த எத்தனை நொடி ஆகிறது என்று அளந்ததில் தொடங்கியது.

கதைகளும் நிறைய உண்டு. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு, அதன் பிறகு நடந்த எதுவும் நினைவில் தங்கவில்லை. தினமும் வந்து பரிசோதித்த ஆய்வாளரும் அவருக்கு ஒவ்வொரு நாளும் புது ஆள். ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பயிற்சியில் மட்டும் நாளுக்கு நாள் தேறினார். முன்பு செய்ததே ஞாபகமில்லை, கை மட்டும் கற்றுக்கொண்டது. நினைவு என்பது ஒரே பெட்டி அல்ல என்று அறிவியலுக்குக் காட்டியவர் அவர். ஆய்வுக் கட்டுரைகளில் ஹெச்.எம். என்ற இரண்டெழுத்தாகவே 2008இல் இறக்கும்வரை இருந்தார்.

ஃபிராய்டைத்தானே முழுக்கப் படிப்பீர்கள்?

ஒன்றிரண்டு வகுப்புகள். நோயாளியைப் படுக்கவைத்துப் பேசவைக்கும் சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவர் அவர். வரலாற்றுப் பாடத்தில் வருவார், மரியாதையோடு கடந்துபோவோம்.

கணக்கு வராது. உளவியல் எடுக்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பல இடங்களில் பூசி மெழுகிப் பதில் சொல்கிறார்கள். முதலாம் ஆண்டில் நிறையப் பேர் திணறுவது புள்ளியியலில்தான். மனிதர்களைப் புரிந்துகொள்ளும் ஆசையில் வந்து உட்கார்ந்தால், கரும்பலகையில் திட்டவிலக்கம் எழுதிக்கொண்டிருப்பார்கள். நானும் முதல் தேர்வில் மயிரிழையில்தான் தப்பினேன்.

ஆனால் பயப்படுகிற அளவு கடினமான கணக்கு அல்ல. பெருக்க, வகுக்க, வர்க்கமூலம் எடுக்கத் தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். கஷ்டம் யோசிக்கும் விதத்தில் இருக்கிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டே படித்தால் நன்றாக மனதில் நிற்கும் என்று உங்கள் தோழி சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எப்படிச் சோதிப்பீர்கள்? பாட்டுக் கேட்டுப் படிப்பவர்கள், கேட்காமல் படிப்பவர்கள் இருவரின் மதிப்பெண்ணையும் ஒப்பிடலாம் என்று வகுப்பில் உடனே கை தூக்குவார்கள். சரி, பாட்டுக் கேட்பவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்களாக இருந்துவிட்டால்? அவர்கள் வீடு அமைதியாக இருப்பதால் படிப்பு ஏறுகிறது என்றால்? அப்போது யாராவது, சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாமே என்பார்கள். யார் எந்தக் குழு என்பதை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிட்டால், மற்ற வேறுபாடுகள் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரவிவிடும். அதற்குப் பிறகும் ஒரு குழு நாலு மதிப்பெண் கூட வாங்கினால், அது பாட்டின் வேலையா, குலுக்கலின் வேலையா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் புள்ளியியல்.

இப்படி இரு குழுக்களின் சராசரி வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க நாங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு சோதனையை 1908இல் வெளியிட்ட வில்லியம் காசெட் என்பவர் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்காததால் 'மாணவன்' என்ற புனைபெயரில் எழுதினார். இன்றும் அது மாணவனின் சோதனைதான். அந்தப் பெயருக்காகவே எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம்.

பள்ளியில் எந்தப் பாடம் எடுத்திருக்க வேண்டும்?

பல பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்ட பாடம் எதையும் கட்டாயப்படுத்துவதில்லை, சில இடங்களில் கணக்கோ உயிரியலோ கேட்பார்கள். சேரப்போகும் இடத்தின் விதியைப் படித்துப் பாருங்கள். கலைப் பிரிவிலிருந்து வந்தவர்கள் கட்டுரையிலும், அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்கள் ஆய்வகத்திலும் முதல் ஆறு மாதம் முந்திக்கொள்வார்கள். அப்புறம் எல்லோரும் ஒன்றுதான்.

உளவியலாளர், மனநல மருத்துவர், ஆலோசகர் எல்லோரும் ஒன்றா?

இல்லை. மனநல மருத்துவர் முதலில் மருத்துவம் படித்து, பிறகு மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதுவது பொதுவாக அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் உளவியல் பட்டத்துக்கு மேல் பல வருடம் சிறப்புப் பயிற்சி பெற்று, மதிப்பீடும் பேச்சுவழிச் சிகிச்சையும் செய்பவர். ஆலோசகருக்கான தகுதி நாட்டுக்கு நாடு மாறும். இளநிலைப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் சிகிச்சை கொடுக்க முடியாது. இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் ஏமாற்றம் இருக்காது.

பள்ளியில் ஒரே ஒரு பாடவேளை கொடுத்தால் எங்கிருந்து தொடங்குவது?

இது கல்லூரிப் பிள்ளைகள் கேட்பது. அவர்களில் பெரும்பாலானோர் 'உளவியல் என்றால் என்ன' என்ற தலைப்போடு திரையில் படம் காட்டத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வரையறை சொன்ன அடுத்த நிமிடம் பாதி வகுப்பு ஜன்னலுக்கு வெளியே போய்விடும். முதலில் எதையாவது செய்யவையுங்கள், விளக்கம் பிறகு வரட்டும்.

என் கையில் எப்போதும் இருப்பது ஒரு சொல் பட்டியல். பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு நொடிக்கு ஒன்றாகப் படிப்பேன்: படுக்கை, கொட்டாவி, போர்வை, இரவு, கனவு, தலையணை, அசதி, குறட்டை, மெத்தை, விழிப்பு, ஓய்வு, தாலாட்டு. முடிந்ததும் ஒரு நிமிடம் வேறு பேச்சு. பிறகு ஞாபகம் இருக்கிற சொற்களை எழுதச் சொல்வேன்.

எழுதி முடித்ததும் கை தூக்கச் சொல்வேன். "தலையணை எழுதினவங்க?" நிறையக் கைகள். "நாற்காலி எழுதினவங்க?" ஒன்றும் இராது, என்ன கேள்வி இது என்பதுபோல் பார்ப்பார்கள். "தூக்கம் எழுதினவங்க?" கைகள் மளமளவென்று உயரும். நான் தூக்கம் என்று சொல்லவே இல்லை. மேலே போய்ப் பாருங்கள், பட்டியலில் அந்தச் சொல் கிடையாது. ஒரு பள்ளியில் ஒரு மாணவி எழுந்து, "இல்லக்கா, நீங்க சொன்னீங்க. குறட்டைக்கு அடுத்து சொன்னீங்க. எனக்கு உங்க குரல்லயே கேட்டுச்சு" என்று அடித்துச் சொன்னாள். கையிலிருந்த தாளை அவளிடமே கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். திருப்பிக்கூடப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று.

இந்த வித்தையை முதலில் கவனித்தவர் ஜேம்ஸ் டீஸ், 1959இல். 1995இல் ரோடிகரும் மெக்டெர்மாட்டும் மறுபடி எடுத்துச் செய்த பிறகுதான் பரவலாகத் தெரியவந்தது. நினைவு என்பது பதிவு செய்த நாடாவைத் திரும்ப ஓட்டுவதல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவது என்று நீங்கள் அரைமணி நேரம் பேசினாலும் ஏறாதது, அந்த ஒரு தாளில் ஏறிவிடும்.

அடுத்து நாற்காலிக்கு வாருங்கள். நான் ஏன் நாற்காலியைக் கேட்டேன் என்று வகுப்பிடமே விடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கண்டுபிடிப்பார்: சொல்லாத எந்தச் சொல்லையும் நாங்கள் எழுதுகிறோமா, இல்லை தூக்கத்தை மட்டும்தானா என்று பார்க்க. அவ்வளவுதான், ஒப்பிட்டுப் பார்க்கச் சம்பந்தமில்லாத ஒன்றும் வேண்டும், ஆய்வு மொழியில் 'கட்டுப்பாடு' வேண்டும் என்பது புரிந்துவிட்டது. அந்தச் சொல்லைக்கூடச் சொல்லத் தேவையில்லை.

நேரம் மிச்சம் இருந்தால் இதிலிருந்து நீதிமன்றத்துக்குப் போவேன். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று சிலரிடமும், வெறுமனே 'மோதியபோது' என்று சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டபோது நொறுங்கியதாகக் கேட்ட 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள். மோதியதாகக் கேட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. சாட்சியிடம் கேள்வி கேட்கும் விதமே சாட்சியத்தை மாற்றிவிடும் என்றதும், அதுவரை தூங்கிய பையனும் நிமிர்ந்து உட்காருவான்.

பரிசோதனை சொதப்பினால் என்ன செய்வது?

சொதப்பும். ஒரு முறை ஸ்ட்ரூப் பரிசோதனை செய்துகாட்டினேன். 1935இலிருந்து புகழ்பெற்றது: 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதிக்காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்குத் தடுமாறும். ஒரு மாணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். அவன் தடுமாறவில்லை, பேசாமல் நின்றான். வகுப்பு சிரித்தது. அவனுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் முகம் இன்னும் மறக்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது. இப்போது நீலமும் மஞ்சளும் மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் விருப்பமுள்ளவர் தானாக வந்தால்தான். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முடிவு எதிர்பார்த்தபடி வராமல் போனால் அது வேறு. ஏன் வரவில்லை என்று கேளுங்கள். சில சமயம் வந்த முடிவை விட வராத முடிவில்தான் நல்ல பாடம் கிடைக்கும்.

மின்னதிர்ச்சிப் பரிசோதனை பற்றிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சொல்லலாமா?

சொல்லலாம், முழுதாகச் சொல்வதாக இருந்தால். ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட முதல் ஆய்வில், சாம்பல் நிற ஆய்வக அங்கி போட்டவர் சொன்னதற்காக 40 பேரில் 26 பேர், இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி, 450 வோல்ட் வரை விசையை அழுத்தினார்கள். உண்மையில் யாருக்கும் மின்சாரம் பாயவில்லை, ஆனால் அழுத்தியவர்களுக்கு அது தெரியாது. வியர்த்தார்கள், நடுங்கினார்கள். எண்ணிக்கையை மட்டும் சொல்லி மனிதன் இப்படித்தான் என்று முடித்துவிடாதீர்கள். இதை இன்று அப்படியே செய்ய, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு விடுமா, அந்த 40 பேரிடம் நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று விவாதிக்க விடுங்கள். மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கவைத்து 1971இல் நடந்த ஸ்டான்ஃபோர்ட் சிறைப் பரிசோதனையை நான் எடுப்பதில்லை. காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே குறிப்புக் கொடுக்கப்பட்டது பிற்பாடு வெளிவந்தது. கேட்டால் அதையும் சேர்த்துச் சொல்வேன்.

உளவியல் ஆய்வுகளில் பாதி பொய் என்கிறார்களே?

பொய் என்பது தவறான சொல். 2015இல் ஒரு பெரிய ஆய்வாளர் கூட்டம், ஏற்கெனவே வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்தது. முதல்முறை 97 சதவீத ஆய்வுகளில் திட்டமான விளைவு வந்திருந்தது. மறுமுறை 36 சதவீதத்தில்தான் வந்தது. சின்னக் கூட்டத்தை வைத்துச் செய்தது, சுவாரசியமான முடிவை மட்டும் பத்திரிகைகள் வெளியிட்டது என்று காரணங்கள் பல. ஆனால் இந்தக் குட்டை உடைத்தவர்களும் உளவியலாளர்கள்தான். அதன் பிறகு, என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்னரே பதிவுசெய்துவிட்டு ஆய்வைத் தொடங்கும் பழக்கம் பரவியது. பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் அடுத்த வாரம் இணையத்தில் படித்துவிட்டு வந்து உங்களையே கேட்பார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை வந்து தன் கஷ்டத்தைச் சொன்னால்?

இது நடக்கும். உளவியல் என்ற சொல்லைக் கேட்டதுமே, இவரிடம் பேசலாம் என்று யாருக்காவது தோன்றும். எல்லோரும் போகும்வரை பையை அடுக்குவதுபோல் நின்றுகொண்டிருக்கும் பிள்ளையைக் கவனியுங்கள்.

கேளுங்கள், அவசரப்படாதீர்கள். ஆனால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான விஷயமாக இருந்தால் நீங்கள் சொல்லியே ஆகவேண்டும், அப்போது கொடுத்த வாக்கை முறித்தவராகி விடுவீர்கள். "நான் மாணவிதான், இதுக்குப் பயிற்சி இல்லை. ஆனா சரியான ஆள்கிட்ட உன்னைக் கூட்டிட்டுப் போறேன், வர்றியா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளையோடு நடந்தே போங்கள். பள்ளியில் யாரிடம் அழைத்துப் போவது என்பதை வகுப்பு தொடங்கும் முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

நோயின் பெயர் சூட்டுவது மட்டும் ஒருபோதும் வேண்டாம். மனநலக் கோளாறுகள் பாடம் படிக்கும் பருவத்தில் எங்களில் பலருக்கு எல்லா நோயும் இருப்பதுபோல் தோன்றியது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அறிகுறிப் பட்டியலைக் கொடுத்தால் சொல்லவே வேண்டாம்.

இதெல்லாம் பரீட்சைக்கு உதவுமா?

உதவும். 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் செய்த ஆய்வில், ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்களும், ஒரு முறை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்களும் இருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டால் இரண்டு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப்பார்த்தவர்களுக்கு 56 சதவீதம், மற்றவர்களுக்கு 42. திரும்பத் திரும்பப் படிப்பது தெரிந்துவிட்டது போன்ற உணர்வைத்தான் கொடுக்கிறது.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரிக்கும் கதையை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்குத் தக்க ஆதாரம் இல்லை.

படித்து முடித்தால் வேலை?

சிகிச்சை ஒரு பக்கம்தான். பள்ளி, மனிதவளம், சந்தை ஆய்வு, விளையாட்டு, செயலிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது என்று வழிகள் பல. இரண்டாம் உலகப் போரில் ஒரு ரக அமெரிக்க விமானத்தில், தரையிறங்கிய பிறகு விமானிகள் சக்கரத்தையே மடித்துவிட்டார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கும் இறக்கை மடலுக்கும் உள்ள விசைகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. ஒன்றின் முனையில் சக்கர வடிவமும் இன்னொன்றில் மடல் வடிவமும் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2002இல் வாங்கியவர்களில் ஒருவரான டேனியல் கானமேன் உளவியலாளர் என்றும் பெற்றோரிடம் சொல்வேன். அது நியாயமான வாதம் இல்லைதான், ஆனால் முகம் மலரும்.

இந்தப் பாடம் எனக்குப் பிடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மனிதர்களைப் பற்றி நீங்கள் உறுதியாக நம்பும் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் எண்ணிப்பாருங்கள். ஒரு பத்தாம் வகுப்பு மாணவி, தங்கள் ஆசிரியர் ஒருவர் முதல் வரிசையிடமே கேள்வி கேட்கிறார் என்று சாதித்தாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுப்பறையைக் கட்டம் கட்டமாக வரைந்து, கேள்வி போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொன்னேன். அடுத்த முறை போனபோது நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் வரிசைக்கு அதிகம் போகவே இல்லை. ஜன்னல் ஓரத்துக்குத்தான் கோடுகள் நெருக்கமாக இருந்தன.

"அவர் வலது கை பக்கம் ஜன்னல் இருக்குக்கா. அதனாலயா, இல்ல அங்க பேசறவங்க உக்காந்திருக்காங்கன்னாலயான்னு தெரியல" என்றாள். அடுத்த வாரம் பேசுகிறவர்களை இடம் மாற்றி உட்காரச் சொல்லியிருக்கிறாளாம். ஆசிரியருக்கு இன்னும் தெரியாது.